கினி கேட்ட ஓவியர், பவுண்டு அனுப்பிய புரவலர்

கேள்வி இதுதான்: "ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர் தன் புரவலர் லேலண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் 'கொரெஜியோவுக்குச் செப்புக் காசில் கூலி கொடுத்தவன்' என்று ஒரு வரி வருகிறதே, அதன் பின்னணி என்ன? லேலண்ட் உண்மையிலேயே பணம் கொடுக்காமல் ஏமாற்றினாரா?"

ஏமாற்றவில்லை. ஆனால் அவமதித்தார், அதுவும் தெரிந்தே. கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தால், லேலண்ட் வீட்டுச் சாப்பாட்டு அறையை விஸ்லர் அலங்கரித்ததற்கான இந்தக் கூலிச் சண்டையில் விஸ்லர் சொன்ன கதையைவிட லேலண்ட் பக்கம்தான் நியாயம் கூடுதலாக இருந்தது என்று தோன்றும். நானும் முதலில் விஸ்லர் கட்சியில்தான் இருந்தேன். அவருடைய கடிதங்களை மட்டும் படித்தால் யாரும் அப்படித்தான் இருப்பார்கள், அவ்வளவு நன்றாக எழுதுவார் மனிதர். பதில் கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கட்சி மாறினேன்.

இருவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஃப்ரெடரிக் ரிச்சர்ட்ஸ் லேலண்ட் 1831இல் லிவர்பூலில் பிறந்தவர். பிபி என்ற கப்பல் கம்பெனியில் சிறு பையனாக வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, 1870களின் தொடக்கத்தில் அந்த வியாபாரத்தையே தன் கைக்குக் கொண்டுவந்து, தன் பெயரில் கப்பல் ஓட்டியவர். கணக்கில் கறார். பேச்சு குறைவு. அதே மனிதர் வீட்டுக்கு வந்தால் பியானோ முன்னால் உட்கார்ந்து விடாமல் பயிற்சி செய்வார், ரோஸெட்டியிடமும் பர்ன்-ஜோன்ஸிடமும் படம் வாங்குவார், சீனத்து நீல வெள்ளைப் பீங்கான்களைச் சேர்ப்பார். முன்பக்கம் சுருக்கு வைத்த சட்டை அவர் அடையாளம். இந்தச் சட்டையை மறந்துவிடாதீர்கள், பின்னால் ஒரு மயிலின் கழுத்தில் வரும்.

விஸ்லர் 1834இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவலில் பிறந்து, பிள்ளைப் பருவத்தைச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கழித்து, வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளியில் தேறாமல், பாரிஸ் வழியாக லண்டன் வந்து சேர்ந்தவர். கறுப்பு முடியில் ஒரே ஒரு வெள்ளைக் கொத்து. அதைப் பெருமையாகச் சீவித் தூக்கிவிட்டுக்கொள்வார். கையெழுத்துக்குப் பதில் வண்ணத்துப்பூச்சி வரைவார். கடன் இல்லாத நாள் கிடையாது.

லிவர்பூலுக்கு வெளியே ஸ்பீக் ஹால் என்ற பழைய டியூடர் மாளிகையை லேலண்ட் 1867இலிருந்து குத்தகைக்கு எடுத்திருந்தார். அங்கே விஸ்லர் வாரக்கணக்கில் தங்குவார். விஸ்லரின் தாயார் அன்னாவும் அங்கே நீண்ட நாள் விருந்தாளியாக இருந்திருக்கிறார். உலகம் முழுவதும் தெரிந்த அந்தக் கறுப்புடைத் தாயார் படத்தில் இருப்பவர்தான். லேலண்டையும் அவர் மனைவி ஃபிரான்சஸையும் விஸ்லர் ஆளுயரத்துக்கு வரைந்தார். லேலண்ட் படத்தில் அந்தக் கால்கள் சரியாக வராமல் படாதபாடு பட்டார். ஃபிரான்சஸின் படத்துக்கு உடுப்பையே அவர்தான் வடிவமைத்தார், உட்கார்த்தி உட்கார்த்தி மாதங்கள் ஓடின, ஆனாலும் அது முடிந்துவிட்டது என்று அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. மூன்று பெண்கள் இருக்கும் பெரிய படம் ஒன்றுக்கு லேலண்ட் முன்பணமும் கொடுத்தார். அந்தப் படம் வரவே இல்லை. அதற்காகச் செய்த படச்சட்டம் மட்டும் விஸ்லரிடம் வெறுமனே கிடந்தது. இதையும் நினைவில் வையுங்கள்.

அதாவது 1876க்கு முன்பே இந்தப் புரவலர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பல வருடம் காத்திருந்தவர். ஏமாற்றுகிற ஆள் அப்படிக் காத்திருப்பாரா?

இந்த நல்ல காலத்துக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1872 நவம்பரில் எழுதியது. தேம்ஸ் நதியின் இரவுக் காட்சிகளை விஸ்லர் அப்போது வரைந்துகொண்டிருந்தார். 'நிலவொளி' என்றுதான் அவற்றைச் சொல்லிவந்தார். இசையமைப்பாளர் ஷோபானின் ரசிகரான லேலண்ட், 'நாக்டர்ன்' (இரவு இசை) என்ற இசைச் சொல்லை வைக்கலாமே என்றார். விஸ்லர் குதித்துப் போய் நன்றி எழுதுகிறார்: அந்தப் பெயருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது, விமர்சகர்களுக்கு அது எவ்வளவு எரிச்சல் தருகிறது என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! தவிர, நான் சொல்ல நினைத்ததை மட்டும் சொல்லி, அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லாத பெயர் அது என்கிறார். இன்றைக்கு விஸ்லர் என்றாலே நினைவுக்கு வரும் சொல் ஒரு கப்பல் முதலாளி வைத்த பெயர். நன்றியைக்கூட 'விமர்சகனுக்கு எரிச்சல்' என்ற கணக்கில்தான் விஸ்லரால் சொல்ல முடிகிறது என்பதையும் கவனிக்கலாம்.

இனி சண்டைக்குக் காரணமான அந்தச் சாப்பாட்டு அறை, பின்னால் 'மயில் அறை' என்று பெயர் பெற்றது. லண்டன் கென்சிங்டனில், பிரின்சஸ் கேட் தெருவில் 49ஆம் எண் வீட்டை லேலண்ட் வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு அறையைத் தாமஸ் ஜெக்கில் என்ற கட்டடக் கலைஞர் அமைத்தார். சுவரெல்லாம் விலை உயர்ந்த பழைய சித்திரத் தோல். அதன் மேல் பீங்கான்களை வைக்க வாதுமை மரத்தில் மெல்லிய அடுக்குகள், மேலே தொங்கும் எட்டு காஸ் விளக்குகள். கணப்புக்கு மேல் விஸ்லர் 1860களில் வரைந்த 'பீங்கான் நாட்டு இளவரசி' படம். ஜப்பானியக் கிமோனோ உடுத்தி நிற்கும் ஒரு பெண்.

1876 ஏப்ரலில் லேலண்ட் விஸ்லருக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதுகிறார். அந்த அறையின் கதவுக்கும் ஜன்னலுக்கும் என்ன நிறம் அடிப்பது என்று ஜெக்கில் கேட்கிறார், உங்கள் யோசனையைச் சொல்லுங்கள் என்று. அவ்வளவுதான். பத்து மாதத்துக்குப் பிறகு லண்டன் பத்திரிகைகள் எல்லாம் பேசப்போகிற அறைக்கு இருந்த எழுத்து மூலமான அடித்தளம், கதவுக்கு என்ன பெயின்ட் என்ற இந்தக் கேள்விதான்.

விஸ்லர் போய்ப் பார்த்தார். தோலில் இருந்த சிவப்புப் பூக்கள் தன் இளவரசியின் நிறங்களைக் கெடுக்கின்றன என்றார். கொஞ்சம் மஞ்சள் தொட்டுச் சரிசெய்கிறேன் என்றார். லேலண்ட் சரி என்றார். அதோடு மரவேலையில் ஓர் அலை வடிவமும் சேர்க்க ஒப்புதல் கிடைத்தது. முதலாளி லிவர்பூலுக்குத் திரும்பிப் போனார், ஜெக்கில் உடம்பு முடியாமல் விலகிவிட்டார். வீட்டில் சாவியும் தூரிகையும் விஸ்லர் கையில்.

அந்தக் கோடை முழுவதும் அவர் அங்கேயே கிடந்தார். செல்சியில் படகு கட்டுபவரின் பிள்ளைகளான கிரீவ்ஸ் சகோதரர்கள் இருவரை உதவிக்கு வைத்துக்கொண்டு, கூரையில் தங்க நிறத் தகடு ஒட்டி, அதன் மேல் மயில் தோகைக் கண்களை வரைந்தார். அடுக்குகளுக்குத் தங்கப் பூச்சு. தோல் முழுவதையும் நீலப்பச்சையால் மூடினார். உயரமான ஜன்னல்களுக்கு உள்பக்கமாக மடித்துச் சாத்தும் மரக்கதவுகள் இருந்தன. அவற்றின் மேல் தரைவரை தோகை வழியும் தங்க மயில்களை வரைந்தார். முன்கூட்டி வரைபடம் எதுவும் போடாமல், வரைய வரைய அதுவாக வளர்ந்தது என்று பின்னாளில் சொல்லிக்கொண்டார். அதை நம்பலாம்.

அப்போது லேலண்டுக்கு எழுதிய கடிதம் முழுக்கக் குதூகலம். 'மோன் ஷேர் பாரோன்' (என் அன்புள்ள பிரபுவே) என்று பிரெஞ்சில் தொடங்கி, என் மேல் எனக்கே பரம திருப்தி என்கிறார். அறை அழகால் உயிர்பெற்று நிற்கிறதாம், லண்டனிலேயே இப்படி ஒன்று கிடையாதாம். ஆனால் இப்போது வந்து பார்த்துவிடாதீர்கள் என்கிறார். நீங்கள் கடைசியாகச் சுவரில் பார்த்ததை வைத்து முழுமையை ஊகிக்க முடியாது. மூன்றாம் விரல் பயிற்சியைக் கேட்டுவிட்டு ஒரு முழு ஆபரா எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா?

இந்த உவமையில் ஒரு குறும்பு இருக்கிறது. பியானோவில் விரல் பயிற்சி செய்பவர் யார்? லேலண்ட். ஆபராவை இயற்றிக்கொண்டிருப்பவர் யார்? விஸ்லர். புரவலருக்கு அவர் இடத்தைக் காட்டிவிட்டார். நட்பு நன்றாக இருந்ததால் அது சிரிப்பாகப் போயிற்று.

இந்தக் கடிதத்தில் இல்லாதது ஒன்று உண்டு: தொகை. எவ்வளவு ஆகும் என்று ஒரு வரி இல்லை. நான் இதைத்தான் முழு வழக்கின் மையமாக நினைக்கிறேன். நம் ஊரில் மேஸ்திரி ஒரு சுவருக்குப் பூச்சு பேசிவிட்டு, நாம் ஊருக்குப் போன நேரத்தில் வீட்டையே இடித்துக் கட்டிவைத்தால், கட்டியது தாஜ்மகாலாகவே இருந்தாலும் முதல் கேள்வி 'யாரைக் கேட்டு?' என்பதுதானே.

விஸ்லர் இதற்குள் அறைக்கு ஆட்களை அழைத்து வந்து காட்டவும் தொடங்கிவிட்டார். அறை தன்னுடையது என்கிற மாதிரி, பிறர் வீட்டில், உரிமையாளர் இல்லாதபோது.

அக்டோபரில் லேலண்ட் வந்து பார்த்தார். விஸ்லர் கேட்டது 2000 கினி.

அக்டோபர் 21ஆம் தேதியிட்ட லேலண்டின் கடிதத்தை ஒரு வியாபாரக் கடிதத்துக்கு மாதிரியாகவே வைக்கலாம். அன்றைக்கு நேரில் சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன், நீங்கள் சொன்ன தொகைக்கு என்னால் சம்மதிக்க முடியாது, முன்கூட்டிச் சொல்லாமல் இவ்வளவு பெரிய செலவில் என்னை மாட்டிவிட்டிருக்கக் கூடாது என்கிறார். 'நீங்கள் சொன்ன தொகை' என்ற சொல்லே, பேரம் வாய்வார்த்தையாகத்தான் வந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது. அடுத்தது ஜன்னல் கதவுகள். அவற்றுக்கு மட்டும் விஸ்லர் போட்ட கணக்கு 1200. ஓவியம் என்ற வகையில் அந்த மயில்கள் அந்த விலை பெறலாம், ஆனால் இத்தனை விலையுள்ள வேலையைக் கதவின் பின்புறத்தில் வைப்பது பொருத்தமே இல்லாதது, நான் அவற்றைக் கேட்கவும் இல்லை, கழற்றிக்கொண்டு போய்விடுங்கள், வேறு கதவு போட்டுக்கொள்கிறேன் என்கிறார்.

கோபம் இருக்கிறது. ஆனாலும் கலையைக் குறைத்து ஒரு சொல் இல்லை. விலை பெறலாம் என்றே ஒத்துக்கொள்கிறார். இந்த நிதானத்துக்காகத்தான் நான் கட்சி மாறினேன் என்று சொன்னேன்.

பதிலுக்கு விஸ்லர், சரி, பாதியை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்ற தோரணையில் எழுதினார். இந்த அறைக்கு என் பங்கு ஆயிரம் கினி, உங்கள் பங்கு ஆயிரம் கினி. தோற்ற பேரத்தைப் பெருந்தன்மையாக மாற்றி, புரவலரைத் தன்னோடு சமபங்கு போட்ட கூட்டாளியாக இறக்கிவிடுகிறார். கெட்டிக்காரத்தனம்.

லேலண்ட் காசோலை அனுப்பினார். 600 பவுண்டு.

இங்கே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் சுவரோவியம் முழுவதும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஒரு கினிக்கு 21 ஷில்லிங். கினி நாணயம் அடிப்பதை நிறுத்தி அதற்குள் அறுபது வருடம் ஆகியிருந்தது. கையில் தொட்டுப் பார்க்க முடியாத பணம் அது, ஒரு கணக்கு மட்டும்தான். ஆனால் மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் ஓவியருக்கும் கினியில்தான் கொடுப்பார்கள். தச்சருக்கும் கொத்தனாருக்கும் கடைக்காரருக்கும் பவுண்டு. மொய் எழுதும்போது நூறு எழுதாமல் நூற்றியொன்று எழுதுகிறோமே, அந்த ஒரு ரூபாயில் உள்ள மரியாதை எப்படியோ, அப்படித்தான் கினியில் கூடுதலாக இருக்கும் அந்த ஒரு ஷில்லிங்.

ஆயிரம் கினி என்றால் 1050 பவுண்டு. 400 பவுண்டு விஸ்லருக்கு முன்பே போயிருந்தது. மிச்சம் 650. வந்தது 600. ஆக லேலண்ட் ஆயிரம் என்ற எண்ணை மதித்தார், கினி என்ற சொல்லை மதிக்கவில்லை. ஐம்பது பவுண்டு மிச்சம் பிடிக்கவேண்டிய நிலையில் அவர் இல்லை. கப்பல் வியாபாரத்தில் அது தூசு. கணக்கர் பழக்கத்தில் தவறிப்போய் எழுதியிருப்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ரோஸெட்டியோடு பத்து வருடம் கினியில் பேரம் பேசியவருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்க வழியே இல்லை. நீ எனக்குக் கலைஞனாக நடந்துகொள்ளவில்லை, பெயின்ட் அடித்தவனாக நடந்துகொண்டாய், அந்தக் கணக்கில் வாங்கிக்கொள் என்று காசோலை சொன்னது.

விஸ்லருக்கு அது உடனே புரிந்தது. அக்டோபர் 31ஆம் தேதிக் கடிதத்தில்தான் நீங்கள் கேட்ட வரி வருகிறது. என் ஷில்லிங்குகளைச் சிரைத்துவிட்டு 600 பவுண்டு வந்து சேர்ந்தது, இன்னும் ஓர் ஐம்பது பவுண்டு போயிற்று, பரவாயில்லை, எது கிடைத்தாலும் போதும் என்ற கொள்கைப்படி இதுவும் போதும் என்று தொடங்குகிறார். பிறகு குரல் உயர்கிறது: அடக் கடவுளே, இதில் என்ன இருக்கிறது! படைக்கப்பட்ட வேலை மட்டும்தான் உண்மையாக நிற்கும். அது இவர் வீட்டில் நடந்ததா அவர் வீட்டில் நடந்ததா என்பது வெறும் துணுக்கு. வருங்காலத்தில் எவனாவது ஒரு சலிப்பூட்டும் வஸாரி எழுதும் புத்தகத்தில், கொரெஜியோவுக்குச் செப்புக் காசில் கூலி கொடுத்தவனைப் போல நீங்களும் இடம்பெறலாம்!

வஸாரி 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதியவர். பார்மாவில் கொரெஜியோவுக்குச் சேரவேண்டிய 60 ஸ்கூடியைச் செப்புச் சில்லறையாகக் கொடுத்தார்களாம். அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு கொளுத்தும் வெயிலில் ஊருக்கு நடந்து, தாகத்துக்குத் தண்ணீர் குடித்து, காய்ச்சலில் விழுந்து இறந்துபோனார் என்று அவர் எழுதிவைத்தார். கதை உண்மை என்று யாரும் இப்போது நம்புவதில்லை. விஸ்லருக்கு அது முக்கியமும் இல்லை. கொரெஜியோவின் பெயர் நின்றது, சில்லறை கொடுத்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. அதுதான் குத்து. உன்னைப் பற்றி வருங்காலம் பேசினால், ஓர் ஓவியனுக்குச் சில்லறை கொடுத்தவன் என்றுதான் பேசும்.

நீங்களே இப்போது அப்படித்தானே கேட்டிருக்கிறீர்கள்? 150 வருடம் கழித்து, 'லேலண்ட் ஏமாற்றினாரா' என்று. கடிதம் வேலை செய்துவிட்டது. விஸ்லர் லேலண்டுக்கு எழுதும்போது அவர் தோளுக்கு மேலே நம்மையும் பார்த்துத்தான் எழுதினார். தான் எழுதிய பல கடிதங்களுக்குப் படி எடுத்து வைத்துக்கொள்பவர் அவர். 1890இல் தன் சண்டைக் கடிதங்களை ஒரு புத்தகமாகவே போட்டார். லேலண்டுக்கு அந்தக் கலை தெரியாது. அவர் லேலண்டுக்கும் விஸ்லருக்கும் இடையே உள்ள விஷயமாக மட்டுமே எழுதினார். இந்தக் கடிதப் போக்குவரத்தில் ஒருவர் தபால் எழுதுகிறார், இன்னொருவர் மேடையில் நிற்கிறார். அதனால்தான் மேற்கோள் காட்டும் வரிகள் எல்லாம் ஒருபக்கமே இருக்கின்றன.

பணம் வாங்கிய பிறகும் விஸ்லர் வீட்டைவிட்டுப் போகவில்லை. வேலை பாக்கி என்று சொல்லி உள்ளேயே இருந்தார், லேலண்டும் துரத்தவில்லை. இளவரசிக்கு நேர் எதிர்ச் சுவரில், இரண்டு தங்க மயில்கள் சண்டைக்கு நிற்பதை வரைந்தார். ஒரு மயில் சிலிர்த்துக்கொண்டு சிறகை விரிக்கிறது. அதன் மார்பில் தங்கக் காசுகள். கழுத்துச் சிறகுகள் சுருக்கு வைத்த சட்டை மாதிரி. காலடியில் வெள்ளி ஷில்லிங்குகள் சிதறிக் கிடக்கின்றன, சிரைத்தெடுத்த அந்த ஷில்லிங்குகள்தான். எதிரில் நிற்கும் ஏழை மயிலின் தலையில் ஒரே ஒரு வெள்ளிச் சிறகு. யாருடைய முடிக்கொத்து என்று சொல்லவேண்டியதில்லை. இதற்கு 'கலையும் பணமும், அல்லது இந்த அறையின் கதை' என்று பெயர் வைத்தார். 1877 பிப்ரவரி 9ஆம் தேதி, அச்சடித்த துண்டறிக்கையோடு பத்திரிகைக்காரர்களை அழைத்து அறையைக் காட்டினார். லேலண்டின் வீட்டில், லேலண்டைக் கேலி செய்யும் சுவருக்கு முன்னால்.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் நாகரிகம் போய்விட்டது. 1877 ஜூலையில் லேலண்ட் எழுதியவற்றில் மூன்றைச் சொல்கிறேன். முதல் கடிதத்தில், லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் நீ என் மனைவியோடு உலாவியதைப் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன் என்கிறார். ஃபிரான்சஸும் விஸ்லரும் நெருக்கமான நண்பர்கள். ஊர் வேறு மாதிரியும் பேசியது. அடுத்த கடிதத்தில், இனி அவளோடு பார்த்தால் பொது இடத்தில் சவுக்கால் அடிப்பேன் என்கிறார். அந்த நிதானமான அக்டோபர் கடிதத்தை எழுதிய அதே கை. மூன்றாவதில்தான் உண்மையான காயம் வெளியே வருகிறது. உன் தற்பெருமை உன் கண்ணை மறைத்துவிட்டது, உன் வேலையைப் பற்றிப் பத்திரிகைகளில் புகழ்ச்சி வந்துகொண்டிருந்த காலத்தில், கலைத்துறைப் பார்னம் ஆகிவிட்ட ஒரு மனிதனோடு என் பெயரும் சேர்ந்து அடிபட்டதில் நான் எவ்வளவு கூசிப்போனேன் தெரியுமா என்று கேட்கிறார். பார்னம் என்பவர் அமெரிக்காவில் விந்தைக் காட்சி நடத்திக் காசு பார்த்தவர். விஸ்லரை அவர் எதிரிகள் சொன்னதிலேயே இதுதான் குறி தவறாத அடி என்பேன். விஸ்லருக்கு மட்டும் இல்லாமல் லேலண்டுக்கும் ஒரு வரி எழுத வந்தது, கடைசியில்.

அதே ஜூலை மாதத்தில்தான் கலை விமர்சகர் ரஸ்கின், விஸ்லரின் நாக்டர்ன் ஒன்றைப் பற்றி, பொதுமக்கள் முகத்தில் ஒரு சட்டி வண்ணத்தை வீசியெறிந்துவிட்டு இந்த ஆள் 200 கினி கேட்கிறான் என்று எழுதினார். லேலண்ட் வைத்த பெயர், லேலண்ட் மறுத்த கினி, இரண்டும் ஒரே சண்டைக்குள் வந்து விழுந்ததைப் பாருங்கள். விஸ்லர் வழக்குப் போட்டார். 1878 நவம்பரில் விசாரணை. இரண்டு நாள் வேலைக்கா 200 கினி என்று கேட்டபோது, இல்லை, ஒரு வாழ்நாளில் சேர்த்த அறிவுக்கு என்று அவர் சொன்னது புகழ்பெற்ற பதில். லேலண்டின் இன்னொரு ஓவியரான பர்ன்-ஜோன்ஸ் ரஸ்கின் பக்கம் சாட்சி சொன்னார். விஸ்லர் ஜெயித்தார். நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. செப்புக் காசு கடைசியில் இவருக்கே வந்தது. வழக்குச் செலவு தாங்காமல் 1879 மே மாதம் திவாலானார். அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் முதன்மையானவர் லேலண்ட்.

செல்சியில் ஆசையாகக் கட்டிய வீட்டைக் கடன் கொடுத்தவர்கள் வந்து எடுத்துக்கொள்ளும் முன், விஸ்லர் அவர்களுக்காக ஒரு படம் வரைந்து வைத்தார். பாதி மயிலும் பாதி மனிதனுமாக ஒரு பிராணி, உடம்பெல்லாம் தங்கச் சொறி, சுருக்குச் சட்டையோடு பியானோ வாசிக்கிறது. அது உட்கார்ந்திருப்பது நாற்காலியில் இல்லை, விஸ்லரின் அந்த வீட்டின் மேல். நாக்டர்ன் என்று பெயர் சொல்லித் தந்த அதே பியானோ விரல்கள், இப்போது கூரிய நகங்களோடு. படத்துக்குப் போட்ட சட்டம் எது தெரியுமா? வராமலே போன அந்த மூன்று பெண்கள் படத்துக்கென்று செய்தது. அது இப்போது சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிறது. வன்மம் என்றால் இதுதான். ஆனால் இதை வரைந்தவர் அந்த மூன்று பெண்கள் படத்துக்கான முன்பணத்தை வாங்கிக்கொண்டவர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

லேலண்டின் குடும்பமும் அதே 1879இல் உடைந்தது, ஃபிரான்சஸ் பிரிந்து போனார். ஜெக்கில் மனநோய் காப்பகத்தில் இருந்து 1881இல் இறந்தார். தன் அடுக்குகளுக்குப் பொன் பூசியது யார் என்ற சண்டையில் அவர் பெயரை யாருமே எடுக்கவில்லை, இன்றும் பெரும்பாலும் எடுப்பதில்லை.

லேலண்ட் ஏமாற்றுக்காரரா என்ற கேள்விக்கு என் உண்மையான பதில் ஒரு கடிதத்தில் இல்லை, அவர் செய்யாமல் விட்டதில் இருக்கிறது. அந்தச் சுவரை அவர் அழிக்கவில்லை. வீடு அவருடையது, ஒரு பெயின்டரைக் கூப்பிட்டால் ஒரு நாள் வேலை. கழற்றிக்கொண்டு போ என்று சொன்ன கதவுகளையும் கழற்றவில்லை. பீங்கான்களை அடுக்கினார், இளவரசியையும் இடம் மாற்றவில்லை. 1892 ஜனவரியில் லண்டன் சுரங்க ரயிலில், பிளாக்ஃபிரையர்ஸ் அருகே மாரடைப்பில் சாகும்வரை, பதினைந்து வருடம் அந்தக் காசு மயிலுக்கு எதிரே உட்கார்ந்து விருந்தாளிகளோடு சாப்பிட்டார். விஸ்லரை வெறுத்தவர்தான், ஆனால் சுவரில் இருந்தது எந்த தரம் என்று தெரிந்தவர்.

டெட்ராய்ட்டில் ரயில் பெட்டி செய்து பணக்காரரான சார்ல்ஸ் லேங் ஃப்ரீயர் முதலில் இளவரசியை வாங்கி, 1904இல் அறையையே பெயர்த்தெடுத்து வாங்கினார். அவர் இறந்த பிறகு அது வாஷிங்டனுக்குப் போய், 1923இல் திறந்த ஃப்ரீயர் காட்சிக்கூடத்தில் நிலைகொண்டது. கடிதங்களைப் படிக்க விரும்பினால் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் விஸ்லரின் கடிதங்கள் எல்லாவற்றையும் இணையத்தில் தொகுத்துப் போட்டிருக்கிறது. அவருக்குத் தேதி போடும் பழக்கம் குறைவு என்பதால் பலவற்றுக்குத் தொகுப்பாளர்கள் ஊகித்த தேதிதான் இருக்கும். 1876 ஏப்ரல் கடிதத்திலிருந்து ஆரம்பியுங்கள், லேலண்டுடையதையும் விடாமல் படியுங்கள்.

வாஷிங்டனில் அந்த அறையைப் பார்க்கப் போனால் ஒன்று தெரியும். ஜன்னல் மரக்கதவுகளைப் பெரும்பாலும் சாத்தியே வைத்திருப்பார்கள். மயில்கள் உள்பக்கத்தில் இருப்பதால் சாத்தினால்தான் தெரியும், திறந்து வெளிச்சம் விட்டால் மடிந்து மறைந்துவிடும். விலை உயர்ந்த ஓவியத்தை வைக்க அது பொருத்தமான இடம் இல்லை என்று அக்டோபர் 21ஆம் தேதி லேலண்ட் எழுதியதும் இதைத்தான்.